ஒரே குரல் தமிழும் ஜெர்மனும் பேச வேண்டும்: உச்சரிப்பு எங்கே கெடுகிறது?

சுங்கான்கடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மனைவி நாகர்கோவிலில் செவிலியராக இருக்கிறாள். ஜெர்மனியில் வேலைக்குப் போக பி1 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கிறாள். நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும் 40 நிமிடம்தான் அவளுக்குப் படிக்கக் கிடைக்கிற நேரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும் என்று கணினிக் குரலில் ஒலிப்பாடங்கள் செய்து கொடுத்தேன். விளக்கம் தமிழில், நடுநடுவே ஜெர்மன் சொற்கள். எல்லாவற்றையும் ஒரே தமிழ்க் குரல் படித்தது. கேட்க இனிமையான பெண் குரல்.

இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. உடல் உறுப்புகள் பாடத்தில் 'கை' என்பதற்கு அந்தக் குரல் "டை ஹேண்ட்" என்று சொல்லியிருக்கிறது. ஜெர்மனில் அது "டீ ஹன்ட்". 'டை' என்றால் ஆங்கிலத்தில் சாவு! நோயாளி என்ற சொல்லை "பேஷன்ட்" என்று ஆங்கிலமாகவே படித்திருக்கிறது. அவள் அதை அப்படியே மனப்பாடம் செய்து ஆன்லைன் வகுப்பில் சொல்ல, ஆசிரியர் ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினாராம். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்தவளுக்குத் தப்பான பாடம் கொடுத்துவிட்டேனே என்று மனசு கேட்கவில்லை.

ஜெர்மன் சொல் வரும் இடத்தில் மட்டும் வேறு ஜெர்மன் குரலைப் போட்டுப் பார்த்தேன். உச்சரிப்பு சரியாகிறது, ஆனால் பெண் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஓர் ஆண் குறுக்கே வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவது போல இருக்கிறது. ஒரே குரல் இரண்டு மொழியையும் அந்தந்த மொழிக்காரர் போலப் பேச வழி உண்டா?

ஒலியன்தேடி

பேச்சுத் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். குரல் வாய் திறப்பதற்கு முன்னாலேயே தவறு நடந்துவிட்டது.

எழுத்தைப் படிக்கும் எந்த இயந்திரமும் முதலில் எழுத்தை ஒலிகளின் வரிசையாக மாற்றுகிறது. பிறகுதான் அந்த ஒலிகளைக் குரலாக்குகிறது. தமிழ் வாக்கியத்துக்கு நடுவே ரோமன் எழுத்து வந்தால் அது ஆங்கிலம் என்று தமிழ்க் குரல் எடுத்துக்கொள்ளும். நம் ஊர் எழுத்தைப் பார்த்தால் அந்த ஊகம் நூற்றுக்குத் தொண்ணூறு சரிதான். உங்களுக்குத்தான் சரிவரவில்லை.

உடல் உறுப்புப் பாடத்தில் மாட்டிக்கொண்டது தற்செயல் இல்லை. கை, புயம், விரல் மூன்றுக்கும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஒன்றே: ஹேண்ட், ஆர்ம், ஃபிங்கர். ஒலிதான் வேறு. ஜெர்மனில் சொல்லின் கடைசியில் வரும் 'பி', 'டி', 'ஜி' போன்ற எழுத்துகளின் ஒலி தொண்டை அதிராமல் போகும், அதனால் எழுத்தில் 'டி' இருந்தாலும் வாயில் வன்மையான 'ட்'. விரல் என்ற சொல்லில் ஆங்கிலத்தில் 'ங்'குக்குப் பிறகு ஒரு 'க' கேட்கும், ஜெர்மனில் கேட்காது. வெறும் 'ங' மட்டும். 'இங்ஙனம்' என்று நிறுத்திச் சொல்லிப் பாருங்கள், அதில் வருகிற 'ங' அதுதான். கடைசி 'ர்'ரும் ஏறக்குறைய 'அ'வாகக் கரைந்துவிடும். ஆக, "ஃபிங்ங".

சொல்லை மட்டும் தனியாகக் காட்டினால் மனிதராலும் அது எந்த மொழி என்று சொல்ல முடியாது. இயந்திரத்துக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு எஸ்எஸ்எம்எல் என்ற குறிமொழி இருக்கிறது. 2010-இல் வந்த அதன் 1.1 பதிப்பில் 'லாங்' என்று ஒரு குறிச்சொல் சேர்த்தார்கள். வாக்கியத்தின் நடுவே "இங்கிருந்து இதுவரை ஜெர்மன்" என்று அடைத்துக் காட்டலாம். நீங்கள் பயன்படுத்தும் குரல் அதை மதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சுங்கான்கடை

நன்றி அண்ணா. பார்த்தேன். என் தமிழ்க் குரல் அந்தக் குறிச்சொல்லைக் கண்டுகொள்ளவே இல்லை, பழையபடி ஆங்கிலமாகவே படிக்கிறது.

அப்புறம் குறுக்கு வழியாக ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பார்த்தேன். மருந்துக்கடைக்கு "அபொதேக" என்று எழுதினால் "abo" மாதிரி 'ப' மெலிந்து, கடைசி 'க' கிட்டத்தட்ட 'ஹ' ஆகிவிட்டது. சரி, வல்லினம் இரட்டிக்கட்டும் என்று "அப்பொத்தேக்க" என்று எழுதினேன். இப்போது மெலியவில்லை, ஆனால் அப்பளம், அக்கா என்பது போல ஒவ்வொரு எழுத்திலும் அழுத்தி நிற்கிறது. கடைக்குப் போகிற அவசரமே இல்லை அந்தக் குரலுக்கு.

ஒலியன்தேடி

அது குரலின் குற்றமில்லை, நம் எழுத்தின் இயல்பு. தனியாக, இரண்டு உயிருக்கு நடுவே வரும் வல்லினத்தை மென்மையாகச் சொல்வது தமிழ். 'பகல்' என்பதில் 'க' எப்படி வருகிறது என்று பாருங்கள். இரட்டித்தால் வன்மை வரும், ஆனால் நீளமும் கூடவே வரும். நீளாத வன்மை இரண்டு உயிருக்கு நடுவே நமக்கு இல்லை, அதனால் அதை எழுதவும் வழியில்லை.

இன்னொரு சோதனை செய்து பாருங்கள். தேவாலயம், செர்ரிப் பழம், இரண்டுக்கும் ஜெர்மன் சொல்லைத் தமிழில் எழுதுங்கள். இரண்டுமே "கிர்ஷெ" என்றுதான் வந்து நிற்கும். முதல் சொல்லில் இருப்பது 'ஷ' இல்லை. நாக்கை 'ய' சொல்லும் இடத்தில் வைத்து வெறும் மூச்சை விட்டால் வருகிற ஒலி அது. தமிழ் எழுத்தில் எழுதி ஜெர்மன் கற்பிக்காதீர்கள். பிறகு திருத்துவது பெரிய பாடு.

ஒரு விஷயத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்கும். குறில், நெடில். ஜெர்மனில் 'திறந்த' என்பதும் 'அடுப்பு' என்பதும் 'ஒ', 'ஓ' வேறுபாட்டில்தான் பிரிகின்றன: ஒஃபன், ஓஃபன். இதை உங்கள் மனைவிக்குச் சொல்லித்தரவே வேண்டாம்.

விரல்நுனி_வாசகன்

நான் பார்வையற்றவன். என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்துத்தான் இந்த இழையையும் படிக்கிறேன். நீங்கள் இரண்டு வாரம் பட்டதை நாங்கள் தினமும் படுகிறோம், அதனால் எழுதுகிறேன்.

என்விடிஏ-யில் மொழிக்கேற்பக் குரல் தானாக மாறும் வசதி இருக்கிறது. ஆனால் வலைப்பக்கத்தின் உள்ளே "இந்தப் பத்தி ஜெர்மன்", "இந்தச் சொல் பிரெஞ்சு" என்று எழுதியவர் குறித்திருந்தால்தான் அது மாறும். நான் பார்த்த பல தமிழ்த் தளங்களில் மொத்தப் பக்கமும் ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டிருக்கும், அல்லது எதுவுமே குறிக்கப்பட்டிருக்காது. தளம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த ஒரு குறிப்பைச் சேருங்கள். ஒரு நிமிட வேலை. எங்களுக்கு ஒரு நாள் முழுக்க நிம்மதி.

இரண்டாவது, 'இயல்பான உச்சரிப்பு' என்பதைப் பற்றி. தமிழ்ச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது 'பஸ்', 'ஹாஸ்பிட்டல்' என்ற சொற்களை மட்டும் அமெரிக்கர் போலச் சொன்னால் எனக்கு வாக்கியம் உடைந்துவிடுகிறது. நாம் தமிழ் பேசும்போது அந்தச் சொற்களைத் தமிழ் வாயால்தானே சொல்கிறோம்? கடைக்காரரிடம் அமெரிக்க உச்சரிப்பில் 'பிஸ்கட்' கேட்டால் அவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். ஆகவே தமிழுக்குள் வந்து குடியேறிவிட்ட சொல் தமிழாகவே ஒலிக்க வேண்டும். மொழி கற்கும் பாடத்துக்கு மட்டும் அந்தந்த நாட்டு ஒலி வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

நான் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறவன். சொல்லுக்குச் சொல் குரல் மாறினால் தலை வலிக்கும். அதனால் பல வருடமாக ஈஸ்பீக் என்ஜி என்ற பேச்சு மென்பொருளில்தான் இருக்கிறேன். இயந்திரக் குரல்தான், ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஒரே தொண்டை. ஜெர்மன் வந்தால் ஜெர்மன் ஒலிகளுக்கு மாறும், ஆள் மாறமாட்டார்.

ஒலியன்தேடி

விரல்நுனி ஐயா சொன்ன கடைசி வரியில்தான் சுங்கான்கடை தம்பியின் கேள்விக்கான விடை பாதி இருக்கிறது.

ஈஸ்பீக் ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து உருவானதில்லை. வாய்க்குள் காற்று எப்படி ஒத்ததிர்கிறது என்பதைக் கணக்குப் போட்டு பெரும்பாலான ஒலிகளைப் புதிதாகச் செய்கிறது. அதனால் எந்த மொழியின் ஒலிப் பட்டியலைக் கொடுத்தாலும் அதே 'ஆள்' பேசுவார். மனிதக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்டும் முறை வந்தபோதுதான் சிக்கல் வந்தது. 1990-களின் நடுவில் பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் தொடங்கிய எம்ப்ரோலா திட்டம் அப்படிப்பட்டது. ஒருவர் தன் மொழியில் இரண்டிரண்டு ஒலிகளாகச் சேர்த்துப் பேசிய துண்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவர் வாயிலிருந்து வராத ஒலி அந்தக் கிடங்கில் இருக்காது. வேற்றுமொழி பேசவைக்க வேண்டுமென்றால் இல்லாத ஒலிக்குப் பக்கத்து ஒலியைப் போட்டு ஒப்பேற்ற வேண்டும்.

அந்த ஒப்பேற்றலில் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் வீட்டுக்கே ஓர் உதாரணம். 'அழுத்துதல்' என்பதற்கு ஜெர்மன் சொல்லில் 'உ' மாதிரி இதழைக் குவித்து, நாக்கை மட்டும் 'இ'க்கு வைக்க வேண்டும். நம் குற்றியலுகரத்துக்கு நேர் எதிர். அங்கே நாக்கு பின்னே, இதழ் குவிவதில்லை. இங்கே நாக்கு முன்னே, இதழ் குவிகிறது. தமிழ்க் குரலில் அது இல்லை. 'உ' போட்டு ஒப்பேற்றினால் 'அச்சிடுதல்' என்ற வேறு சொல் ஆகிவிடும். படுக்கைப் பக்கத்து மணியை "அழுத்துங்கள்" என்று நோயாளியிடம் சொல்ல நினைத்து "அச்சிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

இப்போது வந்திருக்கும் நரம்பியல் வலை முறையில் இது மாறிவிட்டது. 2019-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஆங்கிலம், ஸ்பானிஷ், மாண்டரின் மூன்றையும் ஒரே நரம்பியல் வலைக்குள் பயிற்றினார்கள். ஒருவரே இரண்டு மொழி பேசிய பதிவு தேவைப்படவில்லை. எழுத்துக்குப் பதிலாக ஒலிகளைக் கொடுத்தார்கள். 'யார் பேசுகிறார்' என்பது 'என்ன பேசப்படுகிறது' என்பதோடு ஒட்டிக்கொள்ளாதபடி பயிற்சியின்போதே பிரித்தார்கள். விளைவாக ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரின் குரல் ஸ்பானிஷ் பேசியது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வால்-ஈ எக்ஸ் ஆய்வில், மொழி அடையாளத்தை மாற்றுவதன் மூலம் அந்நிய வாடையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது.

எனவே நீங்கள் கேட்பது நடக்கக் கூடியதுதான்.

பாட்டுப்பெட்டி

இடையில் ஒன்று. பாட்டு மென்பொருள் உலகத்தில் இந்தச் சண்டை ரொம்ப நாளாக உண்டு. வோகலாய்டு என்ற பாட்டு மென்பொருளில் மெகுரினே லூகா என்ற பாடகிப் பாத்திரம் 2009-இல் வந்தபோதே அந்த ஒரு பாத்திரத்துக்கு ஜப்பானியம், ஆங்கிலம் என இரண்டு குரல் தொகுப்பு தனித்தனியாகப் பதிந்து கொடுத்தார்கள். அதே மென்பொருளின் இன்னொரு பாத்திரமான ஹட்சுனே மிக்குவுக்கு ஆங்கிலத் தொகுப்பு 2013-இல்தான் வந்தது. அதுவரை ரசிகர்கள் ஜப்பானிய ஒலிகளையே வெட்டி ஒட்டி ஆங்கிலம் பாடவைத்தார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒரு வரியைச் சரிசெய்வார்கள். பாட்டில் நீட்டி மறைக்கலாம். பாடத்தில் மறைக்க முடியாது.

ரூர்நதி

வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதில் இங்கே வந்தவள். ஜெர்மனியின் ரூர் பகுதியில் முதியோர் இல்லமொன்றில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். உங்கள் மனைவி வரப்போகும் இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தனிச் சொற்களைக் கொடுக்காதீர்கள். முழு வசனமாகக் கொடுங்கள். நீங்கள் தமிழ் வாக்கியத்துக்குள் ஒரே ஒரு ஜெர்மன் சொல்லைச் செருகினால், அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் வசனம் முடிவது போல இறங்கித்தான் கேட்கும். உண்மையில் இங்கே ஆட்கள் கதைக்கும்போது சொல் அப்படி வராது. கேள்வியின் நடுவிலே ஏறி நிற்கும், வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும். அந்த இசை காதில் ஏறாவிட்டால், தனிச் சொல்லை எவ்வளவு சரியாகச் சொன்னாலும் ஒரு கிழவி வேகமாகக் கேட்கும் கேள்வி விளங்காது.

குரல் மாறுகிறதே என்று கவலைப்படுகிறீர்கள். எனக்கு அது நல்லதாகவே படுகிறது. நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தபோது, நான் தமிழும் இவர் ஜெர்மனும் என்று பிரித்துக்கொண்டோம். ஆளைப் பார்த்ததும் எந்த மொழி என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். காதுக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. எல்லா ஜெர்மன்காரரும் ஒரே மாதிரிக் கதைப்பதில்லை. கொலோன் பக்கத்து ஆட்கள் பலர், மேலே ஒலியன்தேடி சொன்ன அந்த மூச்சொலியை 'ஷ' மாதிரியே சொல்லுவார்கள். அவர்களுக்குத் தேவாலயமும் செர்ரிப் பழமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேர்வுக்குப் பொது ஜெர்மன் படிக்கட்டும். ஆனால் வேறு மாதிரி கேட்டால் பயப்படக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

சுங்கான்கடை

அக்கா, உங்கள் பதிலை அவளிடம் படித்துக் காட்டினேன். "கிழவி வேகமாகக் கேட்கும் கேள்வி" என்ற இடத்தில், அதுதான் எனக்குப் பயமே என்றாள்.

இரண்டு வழியையும் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒன்று, எக்ஸ்டிடிஎஸ் என்ற, குரலை நகலெடுக்கும் மென்பொருள். சில நொடிப் பதிவு கொடுத்தால் அந்தக் குரலில் பேசும். அதன் இரண்டாம் பதிப்பில் 17 மொழிகள். ஜெர்மன் இருக்கிறது, இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. அதனால் தலைகீழாகப் போனேன். தமிழ் விளக்கத்தை நானே மைக்கில் பேசிப் பதிந்தேன், ஜெர்மனை மட்டும் என் குரலின் நகல் பேசியது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் உரிமத்தில் இருக்கிறது, நான் விற்கப் போவதில்லை. ஆள் மாறவே இல்லை, நான் கேட்டபடியே ஒரே குரல்.

இரண்டாவது, பைப்பர் என்ற சிறிய மென்பொருளில் இருக்கும் தோர்ஸ்டன் குரல். தோர்ஸ்டன் முல்லர் என்ற ஜெர்மன்காரர் தன் குரலை 20 மணி நேரத்துக்கும் மேல் பதிந்து, யார் வேண்டுமானாலும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று கொடுத்துவிட்டார். இணையம் இல்லாமலே என் பழைய லேப்டாப்பில் ஓடுகிறது.

ஒலியன்தேடி

பைப்பர் ஒலி வரிசைக்கு உள்ளே ஈஸ்பீக் என்ஜி-யைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் ஒரு சொல் சந்தேகமாக இருந்தால் ஈஸ்பீக்கிடமே ஒலிக்குறியாகக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். உங்கள் 'கை'யின் கடைசியில் 'ட்' வருகிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

வெட்டி ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பைப்பரின் நடுத்தரத் தரக் குரல்களில் ஒலி நொடிக்கு 22,050 முறை அளந்து பதியப்பட்டிருக்கும். உங்கள் மைக் பதிவு 44,100 அல்லது 48,000 இருக்கும். மாற்றாமல் ஒட்டினால் ஒருவர் குரல் கீச்சென்றோ கனத்தோ போகும். ஒலி அளவையும் சமப்படுத்துங்கள். பஸ் இரைச்சலில் ஒன்று கேட்டு ஒன்று கேட்காமல் போகக் கூடாது.

சுங்கான்கடை

செய்துவிட்டேன் அண்ணா. இன்னொரு தடையும் வந்தது, அதைச் சொல்லவேண்டும். நான் எழுதும் தமிழில் வேற்றுமை உருபு ஜெர்மன் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. 'டெர்மீன்' என்றால் முன்பதிவு நேரம். "டெர்மீனுக்கு முன்னால்" என்று எழுதினால், ஜெர்மன் குரல் 'டெர்மீன்' என்று சொல்லி முடித்து, மூச்சு விட்டு, தமிழ்க் குரல் தனியாக "உக்கு" என்கிறது! நான் பேசினாலும் அதே கதைதான், 'உக்கு' அநாதையாக நிற்கிறது. கடைசியில் வாக்கியத்தையே மாற்றினேன். "டெர்மீன் என்ற சொல்லுக்கு முன்னால்" என்று எழுதினால் உருபு 'சொல்'லின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு நாள் தலையை உடைத்துக்கொண்டது இதற்குத்தான்.

சரி, முடிவு. இரண்டு பதிப்பையும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தேன். அவள் தோர்ஸ்டன் பதிப்பைத்தான் எடுத்துக்கொண்டாள். என் குரலின் நகலைக் கேட்கும்போது, "நீங்க இப்படிப் பேச மாட்டீங்களே என்று அதிலேயே மனசு போகுது, பாடத்தில் நிற்க மாட்டேங்குது" என்றாள். அங்கே போனால் தன்னிடம் ஜெர்மன் பேசப்போவது முன்பின் தெரியாதவர்கள்தானே, தெரியாத குரலிலேயே கேட்டுப் பழகுகிறேன் என்றாள். ரூர்நதி அக்கா சொன்னதும் அதுவே. ஒரே குரல் வேண்டும் என்று இத்தனை நாள் கேட்டது நான்தான், அவள் இல்லை.

14 பாடங்களையும் திரும்பச் செய்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் முழு வாக்கியம் மூன்று முறை: ஒருமுறை மெதுவாக, ஒருமுறை இயல்பாக, பிறகு அவள் திரும்பச் சொல்ல இடைவெளி விட்டு மறுபடியும். போன வகுப்பில் 'விரல்' வந்ததாம். இங்ஙனம், இங்ஙனம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் திருத்தவில்லை.

விரல்நுனி_வாசகன்

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்த உருபு விஷயத்தைத் தனி இழையாகப் போடுங்கள். கலப்பு வாக்கியம் எழுதும் எல்லோருக்கும் பயன்படும். திரைவாசிப்பானிலும் அதே 'உக்கு' எங்களைப் பிடித்து ஆட்டுகிறது.

சுங்கான்கடை

கட்டாயம் போடுகிறேன் ஐயா.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. செவிலியருக்கு இப்போது அங்கே வழங்கும் பெயர், 2020 முதல் மாறியது என்கிறார்களே, அந்தச் சொல்லின் தொடக்கத்தில் 'ப்'பும் 'ஃப்'பும் ஒட்டி வருகிறது. தோர்ஸ்டன் தெளிவாகத்தான் சொல்கிறார். மெதுவாக ஓட்டியும் கேட்டுவிட்டாள். இவள் வாயில் ஒன்று 'இப்ஃப்லேக' என்று முன்னால் ஓர் 'இ' வந்துவிடுகிறது, அல்லது 'ஃப்லேக' என்று 'ப்' விழுந்துவிடுகிறது. தன் வேலையின் பெயரையே சொல்ல வரவில்லையே என்று வருத்தப்படுகிறாள்.

ரூர்நதி

ஒன்றும் வருத்தப்பட வேண்டாம், எனக்கும் முதல் வருடம் வரவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கச் சொல்லுங்கள். 'அப்' என்று சொல்லி உதட்டை மூடியபடியே நிறுத்தட்டும், திறக்க வேண்டாம். இப்போது மூடிய உதட்டைத் திறக்கும்போது, கீழுதட்டை அப்படியே மேல்பல்லில் தொட்டபடி காற்றை விடட்டும். 'அப்ஃப்' என்று வரும். பத்துத் தடவை. பிறகு 'அ'வை மனதுக்குள் மட்டும் சொல்லட்டும். நாலைந்து நாளில் 'அ' தானாக உதிர்ந்துவிடும். வந்ததும் அவரையே இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள்.